கோலத்தின் விதியை நிரலாக எழுதுவது: டிஜிட்டல் கலையில் முதல் புராஜெக்ட் செய்பவருக்கு

கேள்வி: விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் டிஜிட்டல் மீடியா ஆர்ட் புராஜெக்ட் ஒன்று செய்து, கடைசியில் துறைக் கண்காட்சியில் வைக்க வேண்டும். போட்டோஷாப் தெரியும், நிரல் எழுதிப் பழக்கமில்லை. 4 ஜிபி லேப்டாப்தான் இருக்கிறது. பிளெண்டர், டச் டிசைனர், அன்ரியல், ஏஐ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

பதில்:

ஒரே ஒரு கருவி, ஒரே ஒரு விதி. இரண்டையும் முதல் வாரத்திலேயே முடிவுசெய்துவிட்டு, கடைசிவரை மாற்றாதீர்கள். செமஸ்டர் புராஜெக்ட்கள் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் திறமைக் குறைவு காரணமல்ல. மூன்றாவது வாரத்தில் கருவியை மாற்றி, ஆறாவது வாரத்தில் மறுபடி மாற்றி, கடைசியில் எதிலுமே ஆழம் இல்லாமல் போவதுதான் காரணம்.

கருவியாக பி5 ஜேஎஸ் (p5.js) எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதி உலாவியில் படம் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இது. கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001ல் எம்ஐடியில் தொடங்கிய புராசஸிங் என்ற வரைகலை நிரல் கருவியின் வழிவந்தது. லாரன் மெக்கார்த்தி 2013ல் உலாவிக்கென்று உருவாக்கினார். இலவசம். எதையும் நிறுவத் தேவையில்லை, அதன் இணைய எடிட்டரைத் திறந்தாலே போதும். 4 ஜிபி லேப்டாப்பில் தாராளமாக ஓடும். ஒரு எச்சரிக்கை: இதன் 2ஆம் பதிப்பில் சில அடிப்படைகள் மாறிவிட்டன, படங்களை முன்கூட்டியே ஏற்றும் 'ப்ரீலோட்' அதில் இல்லை. யூடியூபில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை 1ஆம் பதிப்புக்கானவை. எடிட்டரின் அமைப்பில் 1ஆம் பதிப்பையே தேர்ந்தெடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

விதியாக நான் சொல்வது சிக்குக் கோலம். ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. கணினி வரைகலைக்கும் கோலத்துக்கும் அரை நூற்றாண்டு உறவு உண்டு. தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974லேயே கோலங்களை வரிசை இலக்கணமாக (ஒரு வடிவத்தைப் படிப்படியாக வளர்க்கும் விதித்தொகுப்பாக) எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் கோலம் கணினி அறிவியல் ஆய்வுகளில் எடுத்துக்காட்டாக வந்துகொண்டிருக்கிறது. உங்கள் கருத்துக் குறிப்பில் இந்த வரலாற்றைக் கட்டாயம் எழுதுங்கள். ஜூரியில் 'கோலத்தை ஏன் கணினியில் போடுகிறீர்கள்' என்ற கேள்வி வந்தால், அதற்கான பதிலும் இதிலேயே இருக்கிறது.

கோலத்துக்குப் போகும் முன் ஒரு சின்னப் பயிற்சி. கேயோர்க் நேஸ் என்ற ஜெர்மானியர் 1965 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட்டில் கணினியால் வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1960களின் இறுதியில் அவர் செய்த 'ஷோட்டர்' என்ற படத்தில் 12 பத்தி, 22 வரிசை என 264 சதுரங்கள். மேல் வரிசையில் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கும். கீழே வர வர ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, விலகி, கடைசி வரிசையில் சிதறிக் கிடக்கும். இதைத் திரும்ப உருவாக்கிப் பாருங்கள். விதி எளிது: வரிசை எண்ணை 22ஆல் வகுத்தால் வருவது சிதறல் அளவு. அதை 45 டிகிரியால் பெருக்கினால் அந்த வரிசையில் ஒரு சதுரம் அதிகபட்சம் எவ்வளவு சாயலாம் என்பது கிடைக்கும். இந்த வரம்புக்குள் இடமோ வலமோ தற்செயலாக ஒரு எண்ணை எடுத்துச் சுழற்றுங்கள். நகர்த்தலுக்கும் அதே முறை.

இதைச் செய்யும்போது நான்கு தவறுகள் வரும், வரவும் வேண்டும். (மேற்கோள்குறிக்குள் வருபவை பி5இன் கட்டளைப் பெயர்கள்.) சதுரங்கள் திரையைவிட்டு ஓடிப்போனால், ஒவ்வொரு சதுரத்துக்கும் முன்னால் 'புஷ்', பின்னால் 'பாப்' போடவில்லை என்று பொருள். முந்தைய நகர்த்தலின் மேல் அடுத்தது ஏறிக்கொண்டே போகிறது. சதுரம் தன் மூலையைப் பிடித்துச் சுழன்றால், 'ரெக்ட்மோடு' மையத்துக்கு மாறவில்லை. கொஞ்சமாகச் சாயவேண்டியது தாறுமாறாகச் சுழன்றால், கோண அளவு ரேடியன் என்ற வேறு அலகில் இருக்கிறது. 'ஆங்கிள்மோடு' கொடுத்து டிகிரிக்கு மாற்றுங்கள். படம் முழுவதும் நடுங்கிக்கொண்டே இருந்தால், தற்செயல் எண்களை 'டிரா'வுக்குள் எடுக்கிறீர்கள். அது நொடிக்கு 60 முறை ஓடுவது. எண்களைத் தொடக்கத்தில் ஒரு தடவை மட்டும் ஓடும் 'செட்டப்'பில் எடுத்து ஒரு பட்டியலில் வைத்துவிட்டு, 'டிரா' திரும்பத் திரும்ப ஓடாமலிருக்க 'நோலூப்' போடுங்கள். இந்த நான்கும் புரிந்துவிட்டால் கோலத்துக்கு வேண்டிய நிரலறிவு கைக்கு வந்துவிட்டது. இதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள்.

இனி கோலம். முதலில் கணினியை மூடிவிட்டு ஒரு கிராஃப் தாளை எடுங்கள். வேரா மோல்னார் 1968ல் பாரிஸில் கணினியைத் தொடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, விதிகளை எழுதிவைத்துக்கொண்டு அவற்றின்படி கையாலேயே வரைந்து பழகியவர். அந்த வழக்கம் இன்றும் சிறந்த பயிற்சி.

3 புள்ளி, 3 வரிசை நேர்ப்புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் உள்ள இடத்தை 'வாசல்' என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே 6, நெடுக்கே 6, மொத்தம் 12 வாசல்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் வாசல் திறப்பு: இரண்டு இழைகள் அந்த இடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு அடுத்த புள்ளியிடம் போகும். பூ விழுந்தால் அடைப்பு: இழைகள் வெட்டிக்கொள்ளாமல் தத்தம் புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்பிவிடும். வெளி ஓரங்கள் எப்போதும் அடைப்புதான். அவ்வளவே விதி. 12 வாசலுக்கு 2 நிலை என்றால் 4,096 கோலங்கள். 5க்கு 5 என்று போனால் 40 வாசல்கள். வரும் கோலங்களின் எண்ணிக்கை ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். சுழற்றினால் ஒன்றாகத் தெரிபவற்றைக் கழித்தாலும் ஒரு வாழ்நாளில் பார்த்து முடிக்க முடியாத அளவு.

நிரலில் வளைவுகளை வரைவதுதான் சிக்கல் என்று எல்லோரும் பயப்படுவார்கள். பெசியே போன்ற கணக்கு வளைவுகளெல்லாம் தேவையே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சதுரக் கட்டத்தின் நடுவில் இருப்பதாக வையுங்கள். கட்டத்தின் பக்கம் 80 பிக்சல் என்றால், வாசல் புள்ளியிலிருந்து 40 பிக்சல் தூரத்தில் இருக்கும். புள்ளியைச் சுற்றி 56.57 பிக்சல் விட்டமுள்ள ஒரு வட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். 80ஐ 2இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் அளவு இது. வாசலிலிருந்து 45 டிகிரி சாய்வில் வரும் நேர்கோடு இந்த வட்டத்தை மிகச் சரியாகத் தொட்டு நிற்கும். தொடும் இடம், புள்ளியிலிருந்து குறுக்கே 20, நெடுக்கே 20. ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டே வேலைதான். வாசல் திறந்திருந்தால், அங்கிருந்து இரண்டு பக்கத் தொடுபுள்ளிகளுக்கும் ஆளுக்கொரு நேர்கோடு. அடைத்திருந்தால், அந்தப் பக்கம் பார்த்த கால் வட்டம். நான்கு பக்கமும் இப்படிச் செய்தால் கட்டம் முடிந்தது. இணைப்புகளில் முறிவு இருக்காது, கோணல் இருக்காது. கையால் இழுத்த நெளி போலவே ஓடும்.

கால் வட்டத்துக்கு 'ஆர்க்' பயன்படுத்துவீர்கள். பி5இல் 0 டிகிரி வலப்பக்கம், கோணம் கடிகாரச் சுற்றில் கூடும். வலப்பக்க அடைப்புக்கு -45 முதல் 45 வரை, கீழ்ப்பக்கத்துக்கு 45 முதல் 135, இடப்பக்கத்துக்கு 135 முதல் 225, மேல்பக்கத்துக்கு 225 முதல் 315. 'ஆர்க்' கேட்பது விட்டம்; ஆரத்தைக் கொடுத்துவிட்டால் வளைவு பாதி அளவில் சுருங்கி, கோடுகளோடு ஒட்டாமல் நடுவில் தொங்கும். 'நோஃபில்' மறந்தால் வெள்ளைத் துண்டுகளாக நிரம்பும். கோட்டு முனையை வட்ட முனையாக வையுங்கள். இல்லையென்றால் இணைப்பில் மயிரிழை இடைவெளி தெரியும். திரையில் கண்ணுக்குப் படாமல் போனாலும் அச்சில் காட்டிக்கொடுத்துவிடும். 80 பிக்சல் கட்டத்துக்கு 6 பிக்சல் தடிமன் நன்றாக அமையும்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. திறப்பா அடைப்பா என்பதைக் கட்டத்தில் எழுதி வைக்காதீர்கள், வாசலில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு கட்டமும் தன் நான்கு பக்கத்தையும் தானே தற்செயலாக முடிவுசெய்தால், இந்தப் பக்கம் திறப்பு, அந்தப் பக்கம் அடைப்பு என்று ஆகி இழை அந்தரத்தில் முறியும். குறுக்கு வாசல்களுக்கு ஒரு பட்டியல், நெடுக்கு வாசல்களுக்கு ஒரு பட்டியல். வரையும்போது அண்டைக் கட்டங்கள் இரண்டும் ஒரே பதிவைப் பார்க்க வேண்டும்.

இது ஓடத் தொடங்கியதும் ஒரு கவலை வரும்: கோலங்கள் அழகாகவே இல்லையே! தற்செயலாக வருவது பெரும்பாலும் வெறும் சிக்கலாகத்தான் தெரியும். இரண்டு காரணம். ஒன்று, சமச்சீர் இல்லை. இரண்டு, பத்துப் பன்னிரண்டு தனித்தனி வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. சிக்குக் கோலத்தில் மக்கள் வியப்பது, கை எடுக்காமல் ஒரே இழையில் முடிவதை.

ஒரே இழையாக்குவது நீங்கள் நினைப்பதைவிட எளிது, இந்தப் புராஜெக்டின் மிக அழகான பகுதியும் அதுதான். ஒவ்வொரு கட்டத்தையும் நான்கு கால்பகுதிகளாகப் பாருங்கள்: வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு. ஒவ்வொரு கால்பகுதியிலும் ஒரே ஒரு துண்டு இழை. மேல் வாசல் அடைத்திருந்தால் வடகிழக்குத் துண்டு அதே கட்டத்தின் வடமேற்குத் துண்டோடு சேர்கிறது. திறந்திருந்தால் வடகிழக்குத் துண்டு மேல் கட்டத்தின் தென்மேற்குத் துண்டோடும், வடமேற்குத் துண்டு மேல் கட்டத்தின் தென்கிழக்குத் துண்டோடும் சேர்கிறது. மற்ற மூன்று பக்கங்களுக்கும் இதையே திருப்பிப் போடுங்கள். ஒரு துண்டில் தொடங்கி, இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே போய், தொடங்கிய இடத்துக்கு வரும்வரை எல்லாவற்றுக்கும் 1 என்று எண் கொடுங்கள். எண் கிடைக்காத துண்டு மிச்சம் இருந்தால் அங்கிருந்து 2. இப்படியே போனால் மொத்தம் எத்தனை வளையம் என்று தெரிந்துவிடும். 5க்கு 5 கோலத்தில் 100 துண்டுகள்தான். கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும்.

உங்கள் நிரல் சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. எல்லா வாசலையும் திறந்துவிட்டால், வளையங்களின் எண்ணிக்கை வரிசைக்கும் பத்திக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி. 5க்கு 5 என்றால் 5 வளையம், 4க்கு 6 என்றால் 2, 4க்கு 5 என்றால் ஒன்றே ஒன்று. இந்த எண் வரவில்லையென்றால் இணைப்பு விதியில் ஏதோ ஒரு திசை மாறியிருக்கிறது.

இப்போது முக்கியமான படி. ஏதாவது ஒரு வாசலில் வெவ்வேறு எண்ணுள்ள இரண்டு இழைகள் சந்திக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அந்த வாசலின் நிலையை மாற்றுங்கள்: திறந்திருந்தால் அடையுங்கள், அடைத்திருந்தால் திறங்கள். எப்படி மாற்றினாலும் அந்த இரண்டு வளையங்களும் ஒன்றாகச் சேர்ந்தே தீரும். எண்ணிக்கை சரியாக ஒன்று குறையும். மறுபடி எண் கொடுத்து, மறுபடி தேடுங்கள். ஒரே வளையம் மிஞ்சும்வரை இப்படி ஒரு வாசல் கிடைத்துக்கொண்டே இருக்கும், நடுவில் சிக்கி நிற்காது. ஆனால் ஒரே எண்ணுள்ள இழைகள் சந்திக்கும் வாசலை மாற்றினால் வளையம் இரண்டாக உடையக்கூடும், அதைத் தொடாதீர்கள்.

சமச்சீர் வேண்டுமென்றால் கணக்கு கொஞ்சம் மாறும். கால் சுற்றுச் சமச்சீருக்கு, ஒரு வாசலை மாற்றும்போது அதை 90, 180, 270 டிகிரி சுழற்றினால் வரும் மூன்று வாசல்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அப்போது 'ஒன்று குறையும்' என்ற உறுதி போய்விடும். நான்கையும் மாற்றி, எண்ணிப் பார்த்து, வளையம் கூடிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புங்கள். சில தொடக்கநிலைகள் எங்கும் போய்ச் சேராது. ஐம்பது முயற்சிக்கு மேல் ஆனால் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். கண்ணாடிச் சமச்சீரைவிடச் சுழற்சிச் சமச்சீர் சிக்குக் கோலத்துக்கு நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. கண்ணாடிச் சமச்சீரில் முகம் போன்ற உருவங்கள் தெரியத் தொடங்கி, பார்ப்பவர் கண் இழையைவிட்டு அங்கே போய்விடுகிறது.

ஒவ்வொரு கோலத்துக்கும் 'ரேண்டம்சீட்' எண் (அதே எண்ணைக் கொடுத்தால் அதே தற்செயல் எண்கள் திரும்ப வரும்) கொடுத்து, சேமிக்கும் கோப்பின் பெயரிலேயே அந்த எண்ணைச் சேருங்கள். இல்லையென்றால் நேற்று வந்த அருமையான கோலம் இன்று கிடைக்காது. இருநூறு முந்நூறு கோலங்களை உருவாக்கி, சிறு படங்களாக அச்சிட்டு மேசையில் பரப்பி, ஒன்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏன் அந்த ஒன்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். கணினி உருவாக்கியது, நீங்கள் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்வில்தான் உங்கள் கை இருக்கிறது, ஜூரி கேட்கப்போவதும் அதைப் பற்றித்தான். வீட்டிலோ தெருவிலோ கோலம் போடும் பெண்களிடம் காட்டி அவர்கள் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். எது போடக்கூடிய கோலம், எது வெறும் கணக்கு என்று அவர்கள் கண் உடனே பிரித்துவிடும். அவர்களிடம் கற்றதைப் பயன்படுத்தினால், அவர்கள் சம்மதத்தோடு பெயரைப் போடுங்கள்.

ஏஐ படக் கருவிகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோலம் போன்ற தோற்றத்தை அவை கொடுக்கும். ஆனால் இழை எங்கும் முறியாது, ஒரே வளையமாக முடியும் என்ற உறுதியைக் கொடுக்காது. இந்த வேலையின் உயிரே அந்த உறுதியில் இருப்பதால், இங்கே அவை உதவாது.

அச்சுக்கு: ஏ3 தாள் 300 டிபிஐயில் 3508க்கு 4961 பிக்சல். கட்டத்தை 560 பிக்சலாக்கினால் 5க்கு 5 கோலம் 2800 அகலம் வரும், இருபக்கமும் 354 ஓரம் கிடைக்கும். கோடு 42 பிக்சல், தாளில் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். எல்லா அளவையும் கட்டத்தின் பக்கத்தை வைத்தே எழுதியிருந்தால் ஒரு எண்ணை மாற்றினாலே போதும். 'பிக்சல்டென்சிட்டி'யை 1 என்று வைக்க மறக்காதீர்கள். நுண்திரை லேப்டாப்பில் அது தானாக 2 ஆகி, 7 கோடி பிக்சல் படமாக வளர்ந்து, உலாவித் தாவல் அப்படியே சாய்ந்துவிடும். திரையில் பளிச்சென்று தெரியும் காவி அச்சில் மங்கும். முழுத்தொகுதியையும் கொடுக்கும் முன் அதே கடையில், அதே தாளில் ஒரு ஏ4 அடித்துப் பாருங்கள்.

தரையில் புரொஜெக்டரால் காட்டுவது இன்னும் உயிரோட்டமாக இருக்கும். வளையத்துக்கு எண் கொடுத்த அதே வரிசையில் துண்டுதுண்டாக வரைந்தால் இழை கண்ணெதிரே ஓடும். ஆனால் அளவெடுக்காமல் இறங்காதீர்கள். புரொஜெக்டரின் எறிவு விகிதம் (தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தால் வருவது) 1.5 என்றால் 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் தூரம் வேண்டும். வகுப்பறைக் கூரை பத்தடிதான் இருக்கும். கருவியின் உயரம் போக 2.7 மீட்டர் கிடைத்தால் படம் 1.8 மீட்டர் அகலம். விளக்கு வகைப் புரொஜெக்டர்கள் பலவற்றைச் செங்குத்தாகக் கீழ்நோக்கித் தொங்கவிடக் கூடாது, சூடேறிப் பழுதாகும், கையேட்டில் பாருங்கள். அனுமதி இல்லையென்றால் கருவியைக் கிடையாக வைத்து, 45 டிகிரியில் ஒரு கண்ணாடியால் கீழே திருப்புங்கள். படம் இடவலம் மாறும், புரொஜெக்டர் அமைப்பிலேயே அதைத் திருப்பிக்கொள்ளலாம். பின்னணி கறுப்பாகவே இருக்கட்டும். செம்மண் நிறம் வேண்டுமென்றால் தரையில் அந்த நிறத் துணியையோ அட்டையையோ விரியுங்கள். வெள்ளை இழை அதன்மேல் விழும்போது திரையில் எந்த வடிகட்டியும் தராத ஒரு சொரசொரப்பு வரும்.

பார்வையாளர் நடந்தால் கோலம் மாற வேண்டும் என்று வெப்கேம் சேர்க்கலாம். படத்தை 64க்கு 48 பிக்சலாகச் சுருக்கி, சற்று முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் அதிகமான இடத்துக்கு நேரான வாசலை மாற்றினால் போதும். இதில் கட்டாயம் வரும் கோளாறு: கோலம் மாறியதையே கேமரா அசைவு என்று எடுத்துக்கொண்டு மறுபடி மாற்றும், ஆளே இல்லாமல் கோலம் துடித்துக்கொண்டிருக்கும். ஒரு மாற்றத்துக்குப் பின் 2 நொடி கேமராவைக் கவனிக்காமல் விடுங்கள், அல்லது கேமராவைக் கோலத்தைப் பார்க்காமல் ஆள் வரும் வழியைப் பார்க்க வையுங்கள். குழல்விளக்கு அறையில் படத்தில் பட்டைகள் ஓடினால், கேமரா அமைப்பில் மின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். கோப்பை நேரடியாகத் திறந்தால் கேமரா அனுமதி சிக்கலாகும். இணைய எடிட்டரிலிருந்தோ உள்ளகச் சர்வரிலிருந்தோ ஓட்டுங்கள்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பே அதே அறையில், அதே லேப்டாப்பில் ஆறு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். தூக்கநிலை, தானியங்கிப் புதுப்பிப்பு, திரைக்காப்பு மூன்றையும் அணைத்திருக்க வேண்டும். வைஃபையை நம்பாமல் பி5 நூலகக் கோப்பையும் சேர்த்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வந்தால் உலாவி தானாகத் திறந்து முழுத்திரைக்குப் போகும்படி அமைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் மீண்டும் இயக்கும் வகையில் நான்கு வரியில் எழுதி மேசைக்கடியில் ஒட்டிவிடுங்கள். கோலத் தேர்வுகள் ஒன்பதையும் காணொளியாகவும் ஒரு பென்டிரைவில் வைத்திருங்கள்; கேமரா மக்கர் செய்தால் அதைப் புரொஜெக்டரில் நேரடியாகச் செருகி ஓட்டலாம்.